யூபாரி: கடனை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறிய ஜப்பானிய நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூபாரி என்றதும் ஒரு சிலருக்கு விலை உயர்ந்த முலாம்பழம் நினைவுக்கு வரும். ஜப்பான் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் திவாலான நகராட்சி நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே ஊர்தான். அந்த ஊரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளும். அந்த ஊரின் கதை அப்படி.

யூபாரி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவில், தலைநகர் சப்போரோவுக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. பரப்பளவு 763 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றே பெரியது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் 7,334 பேர். அதன் பிறகும் எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் போகிறது.

இவ்வளவு பேர் இருக்கும் இடத்தை நகரம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். ஜப்பானில் ஓர் ஊர் ஒருமுறை ‘ஷி’, அதாவது நகரம் ஆகிவிட்டால், ஆட்கள் போனாலும் பட்டம் போவதில்லை. யூபாரி 1943-இல் நகரமானது. மக்கள்தொகையில் ஜப்பானிலேயே மிகச் சிறிய நகரம் உத்தாஷினாய். அதற்கு அடுத்தது யூபாரி. இரண்டுமே பழைய நிலக்கரி ஊர்கள்.

பெயருக்கு என்ன பொருள்?

ஹொக்காய்டோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியில் ‘யூபாரோ’ என்றால் கனிம ஊற்றுகள் வெளிவரும் வாய். பின்னால் வந்த ஜப்பானியர்கள் அந்த ஒலிக்கு ஏற்ற இரண்டு சித்திர எழுத்துகளைத் தேடி எடுத்தார்கள்: ஒன்றுக்கு ‘மாலை’ என்று பொருள், மற்றொன்றுக்கு ‘விரித்தல்’. மாலை விரியும் ஊர் என்று யாராவது கவித்துவமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஹொக்காய்டோவின் பாதி ஊர்ப்பெயர்கள் இப்படி ஒலிக்காக எழுத்து ஒட்டப்பட்டவைதாம்.

நிலக்கரி எப்படிக் கிடைத்தது?

1874-இல் பெஞ்சமின் லைமன் என்ற அமெரிக்க நிலவியலாளர் அரசாங்கத்துக்காக இந்தப் பகுதியை ஆராய்ந்தார். அவரிடம் வேலை கற்ற பான் இச்சித்தாரோ 1888-இல் ஆற்றங்கரையில் ஒரு பெரிய நிலக்கரிப் படிவம் வெளியே தெரிவதைக் கண்டுபிடித்தார். அந்தப் படிவத்துக்கு ‘24 ஷாக்கு’ என்றே பெயர். ஷாக்கு என்பது பழைய ஜப்பானிய அடி. 24 ஷாக்கு ஏறத்தாழ 7 மீட்டர். இன்றும் நிலக்கரி அருங்காட்சியகத்தின் பக்கத்தில் அதைப் பார்க்கலாம்: மலைச்சரிவில் கறுப்புச் சுவர்போல, இரண்டு மாடி உயரத்துக்கு, இடையிடையே சாம்பல் நிறக் கோடுகளோடு நிற்கிறது. ஒரு நகரம் முழுவதும் எதற்காக அங்கே வந்தது என்பதற்கு அந்தச் சுவரைப் பார்த்தபின் வேறு விளக்கம் தேவைப்படாது.

1890-இல் தோண்டத் தொடங்கினார்கள். 1892-இல் ரயில் வந்தது. உச்சத்தில் சிறிதும் பெரிதுமாக 24 சுரங்கங்கள். 1960-இல் மக்கள்தொகை 1,16,000-ஐத் தாண்டியது. வீடு, தண்ணீர், மருத்துவமனை, பொதுக் குளியலறை எல்லாமே சுரங்க நிறுவனத்துடையவை. நிறுவனம்தான் ஊர் என்று சொன்னால் மிகையில்லை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திவால் கதைக்கு இதுதான் திறவுகோல்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரியர்களும் சீனர்களும் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டு இந்தச் சுரங்கங்களில் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1981 விபத்து பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

யூபாரிக்கு விபத்து புதிதல்ல. 1914-இல் வாக்கானாபே சுரங்க வெடிப்பு ஒன்றிலேயே 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் ‘அந்த விபத்து’ என்றால் அது 1981 அக்டோபர் 16-ஐக் குறிக்கும். எண்ணெய்க்கு முன்னால் நிலக்கரி தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், ஊரின் கடைசி நம்பிக்கையாகத் திறக்கப்பட்டது ‘ஹொக்குத்தான்’ என்ற நிறுவனத்தின் யூபாரிப் புதுச் சுரங்கம். கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் கீழே மீத்தேன் பீறிட்டது. பின்னர் தீயும் பற்றியது. 93 பேர் இறந்தார்கள்.

எண்ணிக்கையைவிட ஊரை உலுக்கியது அடுத்து நடந்தது. தீ அணையவில்லை. உள்ளே 59 பேர் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாத நிலையில், சுரங்கத்துக்குள் தண்ணீர் விட நிறுவனம் முடிவு செய்தது. நிறுவனத் தலைவர் ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சம்மதம் கேட்டார். அக்டோபர் 23 அன்று சங்கு ஊதியது. ஊர் நின்று தலை வணங்கியது. ஆற்று நீர் உள்ளே போகத் தொடங்கியது. கடைசி உடல் வெளியே வந்தபோது அடுத்த ஆண்டு மார்ச் ஆகியிருந்தது. 1982-இல் சுரங்கம் மூடப்பட்டது. மீதமிருந்த மித்சுபிஷியின் மினாமி ஒயூபாரிச் சுரங்கத்திலும் 1985-இல் வெடிப்பு நேர்ந்து 62 பேர் இறந்தார்கள். 1990-இல் அதையும் மூடினார்கள். அதோடு யூபாரியில் நிலக்கரி முடிந்தது.

சரி, நகரம் எப்படித் திவாலானது?

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: நிலக்கரி போனதும் ‘நிலக்கரியிலிருந்து சுற்றுலாவுக்கு’ என்று முழக்கமிட்ட நாகாத்தா தெத்சுஜி என்ற மேயர், 1979 முதல் 2003 வரை ஆறு முறை பதவியில் இருந்து, கேளிக்கைப் பூங்கா, ரோபோ அருங்காட்சியகம், ராட்டினம், ஹோட்டல் என்று கண்டபடி கட்டிக் கடனில் மூழ்கடித்தார். பாதி உண்மை. 1983-இல் ‘நிலக்கரி வரலாற்றுக் கிராமம்’ முழுமையாகத் திறக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பிறகு வரத்து சரிந்தது. விட்டுப்போன தனியார் முதலாளியிடமிருந்து மவுண்ட் ரேசி ஹோட்டலை 1996-இலும் பனிச்சறுக்குத் தளத்தை 2002-இலும் நகராட்சியே வாங்கியது. ஓடாத வண்டியை வாங்கித் தள்ளுகிற வேலை.

மற்றப் பாதியைச் சொல்கிறவர்கள் குறைவு. சுரங்கங்கள் மூடியபோது நிறுவனங்கள் கிளம்பிவிட்டன. அவை வைத்திருந்த ஆயிரக்கணக்கான வீடுகள், தண்ணீர்க் குழாய்கள், மருத்துவமனை, குளியலறைகள் அங்கேயே கிடந்தன. மக்களும் அங்கேயே இருந்தார்கள். வேறு வழியில்லாமல் நகராட்சி அவற்றை விலை கொடுத்து வாங்கிப் பராமரித்தது. சுரங்க மூடலுக்குப் பிந்தைய இந்த வேலைகளுக்கு ஆன செலவு 5,830 கோடி யென்; அதில் பெரும்பகுதி கடன். ரோபோ அருங்காட்சியகத்தைப் படம் எடுத்துப் போட்டுச் சிரிப்பது எளிது. தண்ணீர்க் குழாயைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் கடனின் வேர் அங்கேதான் இருந்தது என்பது என் எண்ணம்.

கடைசி அடி மத்திய அரசிடமிருந்து வந்தது. நிலக்கரிப் பகுதிகளுக்கான சிறப்புச் சட்டம் 2001-இல் காலாவதியானது; உதவித்தொகையும் நின்றது. உள்ளாட்சிகளுக்கான பொது மானியத்தையும் அதே காலத்தில் குறைத்தார்கள். 2006 ஜூனில் அன்றைய மேயர் கோத்தோ கென்ஜி கையை விரித்தார்.

இவ்வளவு கடனை எப்படி மறைத்தார்கள்?

ஜப்பானில் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஆனால் பழைய ஆண்டின் கணக்குப் புத்தகத்தை மே 31 வரை திறந்தே வைத்திருக்கலாம். ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதங்களில் பழைய புத்தகமும் புதிய புத்தகமும் மேசையில் ஒன்றாகக் கிடக்கும்.

யூபாரி அந்த இரண்டு மாதங்களைப் பயன்படுத்திக்கொண்டது. சுற்றுலாவுக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனிக் கணக்குகள், எல்லாம் நட்டத்தில். பொதுக் கணக்கின் புதிய ஆண்டுப் பணத்தை எடுத்துத் தனிக் கணக்கின் பழைய ஆண்டு ஓட்டையை அடைப்பார்கள். பழைய புத்தகத்தில் நட்டம் மறைந்துவிடும். புதிய புத்தகத்தில் விழுந்த ஓட்டைக்கு வங்கியில் குறுகிய காலக் கைமாற்று. அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அதே வேலை. வலது சட்டைப்பையிலிருந்து எடுத்து இடது சட்டைப்பையில் போட்டு, ‘பார், பணம் இருக்கிறது’ என்று காட்டுவது போன்றது. ஆண்டுதோறும் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. வெளியே வந்தபோது தொகை 3,530 கோடி யென். நகரத்தின் இயல்பான ஆண்டு வருவாயைப் போல எட்டு மடங்கு.

2007 மார்ச்சில் யூபாரி, மத்திய அரசின் நிதி மறுசீரமைப்புக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. இதைப் பார்த்த பிறகுதான் உள்ளாட்சிகளின் எல்லாக் கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கும் புதிய சட்டத்தை அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

தனி மனிதர்களுக்கு என்ன ஆனது?

வரி ஏறியது, சேவை இறங்கியது. குடியிருப்போர் வரி, கார் வரி, கழிவுநீர்க் கட்டணம் எல்லாம் உயர்ந்தன. நூலகம் மூடப்பட்டது. தொடக்கப் பள்ளிகள் எல்லாம் ஒன்றாகவும் நடுநிலைப் பள்ளிகள் எல்லாம் ஒன்றாகவும் இணைக்கப்பட்டன. 171 படுக்கைகள் கொண்ட நகராட்சி மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையானது. மருத்துவர் முராகாமி தொமோஹிகோ அதைப் பொறுப்பேற்று, நோயாளி மருத்துவமனைக்கு வருவதைவிட மருத்துவர் வீட்டுக்குப் போகும் முறையை வளர்த்தார். மருத்துவமனை சுருங்கியதால் ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று இதை வைத்துப் பேசுகிறவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவரை ஏற்றிக்கொண்டு பனியில் பக்கத்து நகரத்துக்கு ஓடும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நகராட்சி ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விலகினார்கள். இருந்தவர்களின் சம்பளம் பெரிதும் வெட்டப்பட்டது. நகர்மன்ற உறுப்பினர்கள் 18-இலிருந்து 9 ஆனார்கள். மேயரின் மாதச் சம்பளம் 8,62,000 யென்னிலிருந்து 2,59,000 யென்னாக இறங்கியது. மாலை 5 மணிக்கு அலுவலகத்தின் வெப்பமூட்டியை நிறுத்திவிடுவார்கள். மிச்ச வேலையைப் பனிச்சறுக்கு உடையை மாட்டிக்கொண்டு முடிக்க வேண்டும்.

பொய்க்கணக்கு எழுதியவர்களும் கட்டடம் கட்டியவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் அல்லது ஓய்வு பெற்றுவிட்டார்கள். இளைஞர்கள் மூட்டை கட்டினார்கள். இன்று மக்கள்தொகையில் பாதிக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். கடனைக் கட்டுவது அவர்கள்தாம்.

முப்பது வயது மேயர் கதை உண்மையா?

உண்மை. சுசூகி நாவோமிச்சி தோக்கியோ மாநகர அரசின் ஊழியர். 2008-இல் உதவிக்காக யூபாரிக்கு அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினார். ஊர்க்காரர்கள் மறுபடியும் அழைத்தார்கள். நிலையான அரசு வேலையை விட்டுவிட்டு 2011-இல் தேர்தலில் நின்று வென்றார். அப்போது வயது 30; நாட்டிலேயே இளைய மேயர். 2019-இல் ஹொக்காய்டோவின் ஆளுநரானார்.

அவர் புனிதர் என்றும் யூபாரியை ஏணியாக்கிக்கொண்டவர் என்றும் இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். அவருடைய முடிவுகளில் அதிகம் விவாதிக்கப்பட்டது ரயில் பற்றியது.

ரயிலை நகரமே வேண்டாம் என்று சொன்னதா?

ஆம். ஷின்-யூபாரியிலிருந்து யூபாரிக்கு 16.1 கிலோமீட்டர் கிளைப்பாதை இருந்தது. கடைசி ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஐந்து முறைதான் போய்வந்தது. ரயில் நிறுவனம் எப்படியும் மூடத்தான் போகிறது என்று கணக்கிட்ட சுசூகி, 2016-இல் தானே முந்திக்கொண்டு, ‘மூடுங்கள், ஆனால் பதிலுக்கு இதைச் செய்யுங்கள்’ என்றார். நிறுவனம் 75 கோடி யென் கொடுத்தது. நாளுக்குப் பத்து முறை போய்வரும் பஸ் வந்தது. 2019 மார்ச் 31-இல் கடைசி ரயில் ஓடியது.

இங்கே ஓர் இடைச்செருகல். யூபாரி ரயில் நிலையம் இரண்டு முறை இடம் மாறியது. 1892-இல் அது சுரங்க வாசலில் இருந்தது. சுரங்கம் போனதும் 1985-இல் நகராட்சி அலுவலகத்தின் பக்கம் நகர்ந்தது. 1990-இல் பனிச்சறுக்கு ஹோட்டலின் வாசலுக்குப் போனது. ஊர் எதை நம்பியதோ அதன் வாசலில் போய் நின்றிருக்கிறது.

முலாம்பழத்துக்கு ஏன் அத்தனை விலை?

செய்தியில் வரும் விலை ஏலத்தின் முதல் நாள் விலை. ஒவ்வொரு மே மாதமும் சப்போரோ மொத்தச் சந்தையில் பருவத்தின் முதல் ஜோடியை ஏலம் விடுவார்கள். 2019-இல் ஒரு ஜோடி 50 லட்சம் யென்னுக்குப் போனது. பெருந்தொற்று வந்த 2020-இல் 1,20,000 யென். வாங்குகிறவர் பழத்துக்காக வாங்குவதில்லை, மறுநாள் செய்தித்தாளுக்காக வாங்குகிறார். கடையில் ஒரு பழம் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கும். அதுவும் மலிவு இல்லைதான்.

பழத்தின் கதை சுவையானது. முன்பு யூபாரியில் விளைந்தது ‘ஸ்பைசி கேண்டலூப்’. மணம் இருந்தது, இனிப்பு இல்லை. சர்க்கரை தூவித்தான் தின்றார்கள். 1960-இல் 17 விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, இனிப்பான ‘ஏர்ல்ஸ் ஃபேவரிட்’ வகையுடன் அதைக் கலந்தார்கள். பிறந்தது யூபாரி கிங். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் தண்ணீர் தேங்காது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் நன்றாக மாறும். பழத்துக்கு அது பிடித்துப்போனது. சதை ஆரஞ்சு நிறம். பச்சைச் சதைக்குப் பழகியிருந்த தோக்கியோ வியாபாரிகள் முதலில் பூசணிக்காயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஒரு பழத்தைக் கையில் எடுத்தால் மேலே ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் கொடியின் துண்டு ஒன்று நிற்கும். அதை விட்டுவைத்துத்தான் அறுப்பார்கள். தோல் மீது சாம்பல் நிற வலைப்பின்னல். இந்த வலை சீராகவும் நெருக்கமாகவும் இருக்கிறதா, உருண்டை பிசகாமல் இருக்கிறதா, இனிப்பு எவ்வளவு என்று பார்த்து நான்கு தரமாகப் பிரிப்பார்கள். விதை கூட்டுறவுச் சங்கத்தின் கட்டுப்பாட்டில். கலப்பினம் என்பதால் தின்றுவிட்டு விதையைப் போட்டால் அதே பழம் வராது. 2015-இல் ஜப்பான் புவிசார் குறியீடு வழங்கத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே யூபாரி முலாம்பழம் இடம்பெற்றது.

நகராட்சித் திட்டம் எதுவும் இல்லாமல் வளர்ந்தது இந்தப் பழம் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

சினிமாவுக்கும் யூபாரிக்கும் என்ன தொடர்பு?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஊர்களுக்குத் தலா 10 கோடி யென் என்று மத்திய அரசு கொடுத்த பணத்தைக் கொண்டு, 1990-இல் யூபாரி ஒரு சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. 1993-இல் அங்கே வந்த க்வென்டின் டாரன்டினோ, பின்னர் ‘கில் பில்’ படத்தில் இரும்புக் குண்டு சுழற்றும் பள்ளிச் சிறுமிக்கு கோகோ யூபாரி என்று பெயர் வைத்தார். திவாலான பிறகு நகராட்சி விழாவிலிருந்து கையை எடுத்தது. தன்னார்வலர்கள் எடுத்து நடத்தினார்கள்.

இன்னொன்று யமதா யோஜி இயக்கிய 1977-ஆம் ஆண்டுப் படம், ‘மகிழ்ச்சியின் மஞ்சள் கைக்குட்டை’. சிறையிலிருந்து வரும் சுரங்கத் தொழிலாளி, தன்னை மனைவி இன்னும் ஏற்றுக்கொள்வாளா என்று அறியத் தயங்கி ஊர் திரும்புகிறான்; ஏற்பதாக இருந்தால் கம்பத்தில் மஞ்சள் கைக்குட்டை கட்ட வேண்டும். அந்தப் படத்தில் வரும் தொழிலாளர் குடியிருப்பு வரிசை நினைவிடமாக நிற்கிறது. உள்ளே போனால் சுவர், கூரை எங்கும் மஞ்சள் சீட்டுகள்; வந்தவர்கள் எழுதி ஒட்டிவிட்டுப் போனவை. நடுவில் படத்தில் ஓடிய சிவப்புக் கார். திவாலுக்கு ‘மஞ்சள் கடுதாசி’ என்று பெயர் வைத்திருக்கும் தமிழில் இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

‘கடன் தம்பதி’ என்ற பொம்மைகள் யார்?

ஜப்பானிய மொழியில் ‘ஃபுசாய்’ என்றால் கடன். அதே ஒலிப்பில் கணவன்-மனைவி என்றும் பொருள். இந்தச் சிலேடையை வைத்து ‘யூபாரி ஃபுசாய்’ என்று ஒட்டுப்போட்ட உடையில் ஒரு தம்பதியை உருவாக்கினார்கள். ‘பணம் இல்லை, அன்பு உண்டு’ என்பது முழக்கம். விவாகரத்து குறைந்த ஊர் என்று விளம்பரம். 2009-இல் கான் விளம்பர விழாவில் உயரிய விருது கிடைத்தது.

இவர்கள் போதாதென்று ‘மெலன் குமா’ வேறு: முலாம்பழத் தோட்டத்தில் புகுந்து தின்றதால் தலை பழமாகிப்போன கரடி. அழகான பொம்மைகளுக்குப் பேர்போன நாட்டில், குழந்தைகள் அலறி ஓடும்படி பல்லைக் காட்டுகிறது.

ஊர் காலியாகிவிட்டதா? என்ன செய்கிறார்கள்?

சுரங்கங்கள் இருந்த பள்ளத்தாக்குகளில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் அடுக்குக் குடியிருப்பில் இரண்டு குடும்பம், அடுத்ததில் ஒன்று. மூன்று குடும்பத்துக்காக ஒரு சாலையின் பனியை அள்ள வேண்டும், குழாய் உறையாமல் காக்க வேண்டும். எனவே மக்களை நடுவில் உள்ள ஷிமிசுசாவா பகுதிக்கு மெல்ல மெல்ல நகர்த்துகிறார்கள். 2020-இல் அங்கே நூலக வசதியும் கூடும் இடமும் பஸ் காத்திருப்பிடமும் சேர்ந்த ‘ரிஸ்தா’ என்ற கட்டடம் திறந்தது. எண்பது வயதில் வீடு மாறச் சொல்வது எளிதான வேலை இல்லை. ஆனாலும் ஜப்பானின் பல ஊர்கள் நாளை செய்யவேண்டியதை யூபாரி இன்றே செய்துகொண்டிருக்கிறது.

போனால் என்ன பார்க்கலாம்?

சப்போரோவிலிருந்து ஓபிஹிரோ செல்லும் விரைவு ரயிலில் ஷின்-யூபாரியில் இறங்கலாம், அங்கிருந்து பஸ். கார் இருந்தால் நல்லது.

நிலக்கரி அருங்காட்சியகம் முதலில். அதன் மாதிரிச் சுரங்கத்தில் 2019 ஏப்ரலில் தீப்பிடித்தது. அணைக்க வழியில்லாமல், 1981 போலவே, தண்ணீரை உள்ளே விட்டார்கள். இந்த முறை உள்ளே யாரும் இல்லை. பிறகு 2015-இல் முடிந்த யூபாரி ஷூபாரோ அணை. அதன் ஏரிக்கு அடியில் ஒயூபாரி என்ற சுரங்கக் குடியிருப்பு இருக்கிறது. பள்ளிக்கூடம், கடைத்தெரு இருந்த இடமெல்லாம் தண்ணீர். பசித்தால் கறி சோபா: பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த நூடுல்ஸ் மேல் கெட்டியான மசாலாக் குழம்பு, சுரங்கத்துக்காரர்கள் சாப்பிட்டது.

கடன் எப்போது தீரும்?

2026-ஆம் நிதியாண்டின் முடிவில், அதாவது 2027 மார்ச்சில் அடைத்து முடிப்பது திட்டம். ஆண்டுக்கு ஏறத்தாழ 260 கோடி யென் கட்டி வருகிறார்கள். நகராட்சியின் இணையப் பக்கத்தில் ‘கடன் கடிகாரம்’ வைத்தார்கள். எண்கள் பின்னோக்கி ஓடும்.

கடைசியாக: பழம் கிடைத்தால் எப்படிச் சாப்பிடுவது?

வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே வைத்து, அந்த ‘T’ வடிவக் கொடி வாடிச் சுருங்கி, வீட்டில் மணம் பரவும்வரை பொறுங்கள். பிறகு சில மணி நேரம் மட்டும் குளிரவைத்து நீளவாக்கில் அறுங்கள். விதையை எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள சாற்றை வடிகட்டிக் குடித்துவிடுங்கள். இனிப்பு அங்கேதான் அதிகம்.